துடிக்க வேண்டாத இதயம்

(இதய மருத்துவத்தில் முப்பரிமாண அச்சு: அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மருத்துவமும் பொறியியலும் சந்திக்கும் ஒரு பொருளைப் பற்றிப் பேச வேண்டும் என்று அமைப்பாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். இதய மருத்துவத்தில் முப்பரிமாண அச்சு என்பதை எடுத்துக்கொண்டேன். இந்தத் தலைப்பைக் கேட்டதும் பலர் மனத்தில் எழுவது ஒரு செய்தித்தாள் தலைப்பு: ஆய்வகத்தில் இதயத்தையே அச்சிட்டுவிட்டார்கள் என்று. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அப்படி ஒரு செய்தி வருகிறது. படிப்பவர், இனி மாற்று இதயத்துக்காக யாரும் காத்திருக்க வேண்டாம் போலிருக்கிறதே என்று நம்பிவிடுகிறார். அந்த ஆய்வுகள் எந்தக் கட்டத்தில் நிற்கின்றன என்பதைப் பிற்பகுதியில் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. இன்று நோயாளிகளுக்கு உண்மையிலேயே உதவிக்கொண்டிருக்கும் அச்சிட்ட இதயங்கள் எவையும் துடிப்பதில்லை. அவை உடலுக்குள் போவதும் இல்லை. மேசைமேல் கிடக்கின்றன. கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கிறார்கள், கத்தியால் அறுத்துப் பார்க்கிறார்கள், தைத்துப் பார்க்கிறார்கள். வேலை முடிந்ததும் அலமாரிக்குள் போகின்றன. துடிக்காததுதான் அவற்றின் பலம். மார்பைத் திறந்த பிறகு எடுக்க வேண்டியிருந்த முடிவுகளில் ஒரு பகுதியை, தவறினாலும் யாருக்கும் கேடு வராத இடத்தில் முன்கூட்டியே எடுக்க அவை வழி செய்கின்றன. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இனி வருபவை அதற்கான சான்றுகள்.

1. சாடிக்குள் இருந்த இதயங்கள்

நூறு குழந்தைகள் பிறந்தால் ஏறக்குறைய ஒரு குழந்தைக்கு இதய அமைப்பில் ஏதாவது ஒரு குறை இருக்கிறது. இடைச்சுவரில் சிறிய ஓட்டை என்றால் பல நேரம் தானாகவே மூடிக்கொள்ளும். சிக்கலான குறைகள் வேறு வகை. அறைகள் இடம் மாறியிருக்கும், தமனிகள் தவறான அறையிலிருந்து கிளம்பியிருக்கும், ஒரு வால்வு உருவாகாமலே போயிருக்கும். நோயின் பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒரு குழந்தையின் இதயம் இன்னொன்றைப் போல இருக்காது.

இந்தக் குறைகளை மருத்துவ உலகம் கற்றுக்கொண்டது இறந்துபோன குழந்தைகளிடமிருந்து. கனடாவின் மான்ட்ரியல் நகரில், மெக்கில் பல்கலைக்கழக மருத்துவ அருங்காட்சியகத்தின் காப்பாளராக இருந்தவர் மாட் அபட் என்ற பெண் மருத்துவர். பதப்படுத்திய இதயங்களைச் சாடிகளில் சேர்த்து, ஒவ்வொன்றையும் நோய்க்குறிப்போடு ஒப்பிட்டு வகைப்படுத்தினார். ஆயிரம் நோயாளிகளின் விவரங்களை அடிப்படையாக வைத்து 1936இல் அவர் வெளியிட்ட பிறவி இதய நோய்களின் படத்தொகுப்பு, அந்தத் துறைக்கே அடித்தளமாயிற்று. இருந்தும் அதில் தீராத ஒரு குறை இருந்தது. சாடியில் இருப்பது வேறொரு குழந்தையின் இதயம். நாளை காலை மேசையில் கிடத்தப்படப்போகும் குழந்தையின் இதயம் எப்படி இருக்கும் என்பதை அது ஓரளவுதான் சொல்லும்.

முன்கூட்டியே செய்து பார்ப்பதன் அருமையை இதய அறுவை தன் தொடக்கத்திலேயே அறிந்திருந்தது. 1944 நவம்பர் 29 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், உடல் நீலம் பாரித்த ஒரு பெண் குழந்தைக்கு ஆல்ஃபிரட் பிளாலக் அறுவை செய்தார். நுரையீரலுக்கு ரத்தம் போதாமல் தவிக்கும் இத்தகைய குழந்தைகளுக்கு ஒரு புது ரத்தப் பாதை போட்டுக்கொடுக்கலாம் என்பது குழந்தை இதய மருத்துவர் ஹெலன் டாசிக்கின் யோசனை. அந்த முறையை ஆய்வகத்தில் நாய்களிடம் திரும்பத் திரும்பச் செய்து பக்குவப்படுத்தியவர் விவியன் தாமஸ். மருத்துவப் பட்டம் இல்லாத கறுப்பின ஆய்வக உதவியாளர் அவர். அறுவையின்போது தாமஸைத் தன் பின்னால் நிற்கச் சொல்லி, அவரிடம் கேட்டுக் கேட்டுத்தான் பிளாலக் தையல் போட்டார். அந்த அரங்கில் அதிகப் பயிற்சி பெற்ற கை தாமஸுடையது என்பது பிளாலக்குக்குத் தெரிந்திருந்தது. ஆனால் தாமஸ் பழகியதும் அந்தக் குழந்தையின் இதயத்தில் அல்லவே! அதே குழந்தையின் இதயத்தில் முன்பே பழகிப் பார்ப்பது அன்று யாராலும் முடியாத காரியம்.

2. ஸ்கேனிலிருந்து கைக்கு

நோயாளியின் இதயத்திலேயே முன்கூட்டிப் பழகிப் பார்ப்பது கைகூடுவதற்கு இரண்டு கண்டுபிடிப்புகள் வந்து சேர வேண்டியிருந்தது. முதலாவது, உடலைத் திறக்காமல் உள்ளே பார்ப்பது. காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய சி.டி. ஸ்கேன் கருவியில் 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் முதல் நோயாளியின் மூளை படமெடுக்கப்பட்டது. மூளை அசையாது. ஓயாமல் அசையும் இதயத்தைக் கலங்காமல் படமெடுக்க, இ.சி.ஜி. துடிப்போடு இணைந்து இயங்கும் வேகமான கருவிகள் வரும்வரை காத்திருக்க நேர்ந்தது.

இரண்டாவது, கணினியில் உள்ள வடிவத்தைக் கையில் பிடிக்கும் பொருளாக்குவது. ஒளி பட்டால் இறுகும் பிசினை அடுக்கடுக்காக இறுகவைத்துப் பொருள் செய்யலாம் என்பதை ஜப்பானின் நகோயாவில் ஹிதேயோ கொதாமா 1981இல் எழுதி வெளியிட்டார். அமெரிக்காவில் சக் ஹல் அதே வழியில் ஒரு கருவியைச் செய்து 1986இல் காப்புரிமை பெற்றார். இன்று பிசின், நைலான் தூள், உருக்கிய பிளாஸ்டிக் இழை என்று பல வகை அச்சுக் கருவிகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றுதான்: ஒரு மெல்லிய படலம், அதன்மேல் இன்னொன்று.

மருத்துவமனையில் இது நடக்கும் விதம் இப்படி. நோயாளியின் ரத்தத்தில் சாய மருந்தைச் செலுத்தி சி.டி. எடுக்கிறார்கள். அரை மில்லிமீட்டர் அளவு தடிமனில் நூற்றுக்கணக்கான குறுக்குவெட்டுப் படங்கள் கிடைக்கின்றன. ஒவ்வொரு படத்திலும் எது ரத்தம், எது தசை, எது எலும்பு, எது நுரையீரல் என்று பிரித்துக் கோடு போட வேண்டும். சாய மருந்து கலந்த ரத்தம் வெளுப்பாகத் தெரிவதால் கணினி பெரும்பகுதியைத் தானே பிரித்துவிடும். மீதியை மனிதர் திருத்துகிறார். பிறகு அந்தக் கோடுகளை இணைத்து ஒரு மேற்பரப்பாக்கி அச்சுக் கருவிக்கு அனுப்புகிறார்கள். சில மணி நேரத்தில் மாதிரி கைக்கு வந்துவிடும்.

அச்சுக் கருவி எல்லார் கண்ணையும் கவர்கிறது. ஆனால் மாதிரியின் தரம் அங்கே முடிவாவதில்லை, கோடு போடும் மேசையில் முடிவாகிறது. எந்த அளவு வெளுப்பை ரத்தம் என்று எடுத்துக்கொள்வது என்ற எல்லையைச் சற்று நகர்த்தினால் இடைச்சுவரின் ஓட்டை பெரிதாகும், அல்லது சுருங்கும். ஒரு மாதக் குழந்தையின் இதயத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது பெரிய தூரம். இன்னொரு சங்கடமும் உண்டு. வால்வின் இதழ்கள் மிக மெல்லியவை, ஓயாமல் அசைபவை. சி.டி.யில் அவை சரியாகப் பதிவதில்லை. ஆகவே பல மாதிரிகளில் வால்வே இருக்காது, அல்லது எக்கோ எனப்படும் ஒலியலைப் படத்திலிருந்து தனியாக எடுத்துச் சேர்த்திருப்பார்கள். துடிப்பின் ஒரு கணத்தை மட்டும் நிறுத்தி எடுத்த வடிவம் அது என்பதையும் மறக்கக் கூடாது. மாதிரி அச்சில் வந்துவிட்டது என்பதாலேயே அது உண்மையாகிவிடாது. கோடு போட்டவரோடு அறுவை மருத்துவர் உட்கார்ந்து பேசினால்தான் அதை நம்பலாம்.

3. பத்து மருத்துவமனைகள், நாற்பது நோயாளிகள்

இதனால் என்ன பயன் என்பதற்கு ஒரு நோயை எடுத்துக்கொள்வோம். நல்ல இதயத்தில் மகாதமனி இடது கீழறையிலிருந்தும், நுரையீரல் தமனி வலது கீழறையிலிருந்தும் புறப்படும். சில குழந்தைகளுக்கு இரண்டுமே வலது கீழறையிலிருந்து புறப்பட்டிருக்கும். இடது கீழறைக்கு வெளியேறும் வழி, இடைச்சுவரில் இருக்கும் ஓட்டை ஒன்றுதான். அறுவை மருத்துவர் முன் நிற்கும் கேள்வி இது: அந்த ஓட்டையிலிருந்து மகாதமனிவரை உள்ளுக்குள்ளேயே ஒரு சுரங்கப் பாதை கட்ட முடியுமா? முடிந்தால் இரண்டு கீழறைகளும் வேலை செய்யும், குழந்தைக்கு இயல்புக்கு நெருக்கமான ரத்த ஓட்டம் கிடைக்கும். முடியாவிட்டால் ஒரே கீழறையை வைத்து வாழும்படி ரத்த ஓட்டத்தைப் பல கட்ட அறுவைகளில் திருப்பிவிட வேண்டும். அந்த வழியில் உயிர் பிழைக்கலாம். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்லக் கல்லீரல் முதலான உறுப்புகள் பாதிக்கப்படும்.

ஓட்டை எங்கே இருக்கிறது, மகாதமனியின் வாய் எவ்வளவு தூரம், நடுவில் வால்வின் நாண்கள் குறுக்கிடுகின்றனவா என்பதைப் பொறுத்து ஒரு குழந்தையின் வாழ்நாள் தீர்மானமாகிறது. திரையில் இருக்கும் தட்டைப் படங்களை மனத்துக்குள் ஒன்றுசேர்த்து இதைக் கணிக்க வேண்டும். அனுபவம் மிக்க இரண்டு மருத்துவர்கள் ஒரே படத்தைப் பார்த்து இரண்டு விதமாகக் கணிப்பது உண்டு.

ஸ்பெயினின் செவில் நகரைச் சேர்ந்த இஸ்ரேல் வால்வெர்டே தலைமையில் பல நாடுகளின் 10 மையங்கள் சேர்ந்து இதைச் சோதித்துப் பார்த்தன. சிக்கலான பிறவிக் குறை உள்ள 40 நோயாளிகள். வழக்கமான படங்களைப் பார்த்து முதலில் ஒரு முடிவு எடுத்தார்கள். பிறகு அச்சிட்ட மாதிரியைக் கையில் கொடுத்து மறுபடி கேட்டார்கள். 2017இல் வெளியான முடிவின்படி, 40 பேரில் 19 பேருக்கு அறுவைத் திட்டம் மாறியது. நான்கு பேர் விஷயம் இன்னும் முக்கியமானது. அறுவையே வேண்டாம் என்றோ, ஒரே கீழறை வழிதான் என்றோ முதலில் ஒதுக்கப்பட்டவர்கள் அவர்கள். மாதிரியைப் பார்த்த பின் அவர்களுக்கு இரண்டு கீழறைகளையும் காப்பாற்றும் அறுவை வெற்றிகரமாக நடந்தது.

மீதி 21 பேருக்குத் திட்டம் மாறவில்லை. இந்த எண்ணையும் மதித்துப் படிக்க வேண்டும் என்பேன். எல்லா நோயாளிக்கும் மாதிரி தேவையில்லை என்பதை அது சொல்கிறது. எளிய ஓட்டைக்கு எக்கோ போதும். மருத்துவர்கள் கூடிப் பேசியும் முடிவுக்கு வராத, அல்லது முடிவுக்கு வந்தும் மனம் ஒப்பாத நோயாளிகளுக்குத்தான் இது.

நமக்கு அருகிலேயே ஒரு முயற்சி நடந்திருக்கிறது. கொச்சியின் அமிர்தா மருத்துவமனையில் குழந்தை இதய மருத்துவர் மகேஷ் கப்பனாயிலும் அவருடைய குழுவினரும் சிக்கலான குறை உள்ள ஐந்து நோயாளிகளுக்கு மாதிரி அச்சிட்டு, அதை வைத்து அறுவையைத் திட்டமிட்ட அனுபவத்தை 2017இல் வெளியிட்டார்கள். வசதி குறைந்த சூழலிலும் இது ஆகிற காரியம்தான் என்று காட்டுவதே அவர்கள் நோக்கம்.

4. தன் தமனியை அச்சிட்ட பொறியாளர்

இனி நான் சொல்லப்போவது இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த வரலாறு. டால் கோல்ஸ்வொர்தி என்பவர் இங்கிலாந்தில் ஒரு பொறியாளர். மார்ஃபான் நோய் உள்ளவர். உடலின் இணைப்புத் திசு பலவீனமாக இருக்கும் பரம்பரை நோய் அது. இதயத்திலிருந்து கிளம்பும் இடத்தில் மகாதமனி மெல்ல மெல்ல விரிந்துகொண்டே போகும். ஒருநாள் கிழியலாம், கிழிந்தால் உயிர் தப்புவது அரிது.

அதற்கு இருந்த நிலையான மருத்துவம், 1968இல் ஹ்யூ பென்டால் வெளியிட்ட அறுவை. விரிந்த தமனியை வெட்டி எடுத்துவிட்டு, செயற்கை வால்வோடு கூடிய செயற்கைக் குழாயைப் பொருத்த வேண்டும். உயிரைக் காக்கும் அறுவைதான். ஆனால் உலோக வால்வு வைத்தால் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுவதும் வார்ஃபரின் சாப்பிட வேண்டும். கோல்ஸ்வொர்திக்கு இதில் விருப்பமில்லை. அவர் பொறியாளராக யோசித்தார். குழாய் வீங்குகிறது என்றால் குழாயை ஏன் வெட்ட வேண்டும்? வெளியிலிருந்து இறுகப் பிடித்துக்கொண்டால் போதாதா?

வெளியிலிருந்து பிடிப்பதென்றால் பிடிப்பு அச்சொட்டாகப் பொருந்த வேண்டும். தளர்ந்தால் பயனில்லை, இறுகினால் ஆபத்து. ஒவ்வொருவர் தமனியும் வெவ்வேறு வடிவம். அங்கேதான் அச்சு உதவிக்கு வந்தது. இதய அறுவை மருத்துவர்கள் டாம் ட்ரெஷர், ஜான் பெப்பர் ஆகியோரும் லண்டன் இம்பீரியல் கல்லூரிப் பொறியாளர்களும் அவரோடு சேர்ந்தார்கள். ஸ்கேன் படத்திலிருந்து அவருடைய மகாதமனியின் வடிவத்தைக் கணினியில் எடுத்து, அதே அளவில் அச்சிட்டார்கள். செருப்புத் தைப்பவர் மரத்தாலான கால் அச்சின்மேல் தோலை இழுத்துப் பொருத்துவதுபோல, அந்த அச்சுத் தமனியின்மேல் பாலியெஸ்டர் நூலால் ஆன வலையைப் படியவைத்து உறையாக்கினார்கள். 2004 மே மாதம் லண்டன் ராயல் பிராம்ப்டன் மருத்துவமனையில் ஜான் பெப்பர் அந்த வலையுறையை கோல்ஸ்வொர்தியின் மகாதமனியைச் சுற்றிப் பொருத்தித் தைத்தார். இதயத்தை நிறுத்தவில்லை. தமனியை வெட்டவில்லை. வார்ஃபரினும் தேவைப்படவில்லை.

தான் கண்டுபிடித்த மருத்துவத்துக்குத் தானே முதல் நோயாளி! அவருக்குப் பிறகு பல நாடுகளில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு இது செய்யப்பட்டிருக்கிறது. உள்ளே போனது துணிவலை. அச்சிட்ட தமனி வெளியிலேயே இருந்துவிட்டது. ஆனால் அது இல்லாமல் வலை பொருந்தியிருக்காது. மாணவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழைய அறுவையே நிலையான வழியாக இருந்தபோது கேள்வி எழுப்பியவர் ஒரு பொறியாளர். அந்தக் கேள்வியை மருத்துவர்கள் காதுகொடுத்துக் கேட்டார்கள்.

5. குழாய் வழி வால்வும் முன்னோட்டமும்

மார்பைத் திறக்காமல், தொடையில் உள்ள ரத்தக் குழாய் வழியாக வால்வைக் கொண்டுபோய் வைக்கும் முறை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. 2000இல் பிலிப் பான்ஹோஃபர் பாரிஸில் நுரையீரல் தமனி வால்வை இப்படி வைத்தார். 2002 ஏப்ரல் 16 அன்று பிரான்சின் ரூவான் நகரில் அலன் கிரிபியே மகாதமனி வால்வை வைத்தார். நோயாளிக்கு இது பெரிய வரம். மருத்துவருக்கோ ஒரு புதிய சிக்கல். திறந்த அறுவையில் வால்வு உட்காரும் இடத்தைக் கண்ணால் பார்த்து அளக்கலாம். இங்கே பார்க்க வழியில்லை, விரித்த பிறகு மாற்றவும் முடியாது.

பான்ஹோஃபர் பின்னர் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றியபோது, சில்வியா ஸ்கியவானோ என்ற பொறியாளர் உள்ளிட்ட குழு, எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து நோயாளிகளின் வலது கீழறை வாயையும் நுரையீரல் தமனியையும் அச்சிட்டது. யாருக்குக் குழாய் வழி வால்வு பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்று தேர்ந்தெடுக்கப் படத்தை மட்டும் பார்ப்பதைவிட மாதிரி நன்றாக உதவியது என்று 2007இல் எழுதினார்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையின் டீ டீ வாங்கும் அவருடைய குழுவினரும், இடது மேலறையை ஒட்டிய சிறிய பையை அடைக்கும் சிகிச்சைக்கு இதைப் பயன்படுத்தினார்கள். மேலறை ஒழுங்கற்றுத் துடிக்கும் நோயாளிகளுக்கு ரத்தக்கட்டி பெரும்பாலும் அந்தப் பையில்தான் உண்டாகிப் பக்கவாதத்தில் கொண்டுபோய் விடுகிறது. பையின் வாய் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வடிவம். அச்சிட்ட பையில் அடைப்பானைப் பொருத்திப் பார்த்து அளவைத் தீர்மானிக்கலாம்.

இங்கே மாதிரியின் வடிவம் மட்டும் சரியாக இருந்தால் போதாது, இழுத்தால் எப்படி நீள்கிறது என்பதும் சரியாக இருக்க வேண்டும். தமனித் திசு முதலில் எளிதில் நீளும், பிறகு சட்டென்று விறைக்கும். சாதாரண ரப்பர் நேர்மாறாக, நீள நீள இளகும். ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகமும் அட்லாண்டாவின் பீட்மான்ட் இதய நிறுவனமும் சேர்ந்து இதற்கு ஒரு வழி கண்டன. மென்மையான பொருளுக்குள், நெளிநெளியான விறைத்த இழைகளை வைத்து அச்சிட்டார்கள். இழுக்கும்போது முதலில் நெளிவு நிமிர்கிறது, நிமிர்ந்த பிறகு விறைப்புக் கூடுகிறது. திசு நடந்துகொள்ளும் விதமும் அதுவே. 18 நோயாளிகளின் மகாதமனி வேரை இப்படி அச்சிட்டு, அதில் உண்மையான செயற்கை வால்வை விரித்துப் பார்த்தார்கள். வால்வு ஓரத்தில் ரத்தக் கசிவு ஏற்பட்ட நோயாளிகளின் மாதிரிகளில் வால்வைச் சுற்றிய தமனி வேர் சீரில்லாமல் புடைத்தது. இந்த முடிவு 2017இல் வெளியாயிற்று. சிகிச்சை முடிந்த நோயாளிகளின் படங்களை வைத்துச் செய்த ஆய்வு அது. சிகிச்சைக்கு முன்பே கசிவைக் கணிக்க முடியும் என்ற நம்பிக்கையை அது தருகிறது.

6. பழகுவதற்கு ஓர் இதயம்

குழந்தை இதய அறுவையில் பயிற்சி பெறுவது கடினம். சிக்கலான குறைகள் அரிதாக வருகின்றன. வரும்போது ஆசிரியர் கையே வேலை செய்ய வேண்டியிருக்கிறது, மாணவர் பக்கத்தில் நின்று பார்க்கிறார். டொரன்டோவின் குழந்தைகள் மருத்துவமனையில் ஷி-ஜூன் யூ என்ற கதிரியக்க மருத்துவர், உண்மையான நோயாளிகளின் படங்களிலிருந்து வெட்டவும் தைக்கவும் கூடிய மென்மையான இதயங்களை உருவாக்கினார். உலகெங்குமிருந்து வரும் அறுவை மருத்துவர்கள் ஆளுக்கொரு இதயத்தை வைத்துக்கொண்டு, தேர்ந்த ஆசிரியர் பக்கத்தில் நிற்க, முழு அறுவையையும் செய்து பழகும் பயிற்சி வகுப்புகள் 2015 முதல் நடக்கின்றன. பிழை செய்தால் இன்னொரு பிரதியை எடுத்துத் திரும்பத் தொடங்கலாம்.

இதோடு இன்னொரு வசதியும் பிறந்திருக்கிறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் 2014இல் தொடங்கிய இணைய வழி அச்சுக் கோப்புத் தொகுப்பில், பெயர் நீக்கிய பிறவி இதயக் குறை மாதிரிகளுக்கென்று ஒரு நூலகம் சேர்ந்தது. அபட்டின் சாடிகளைப் பார்க்க மான்ட்ரியலுக்குப் போக வேண்டும். இந்தக் கோப்பை மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் அச்சிட்டுக்கொள்ளலாம். அதைவிட முக்கியம், இந்த நூலகத்துக்கு ஓர் இதயம் சேருவதற்காக ஒரு குழந்தை இறக்க வேண்டியதில்லை.

7. துடிக்கும் இதயம் எங்கே?

இனி செய்தித்தாள் இதயத்துக்கு வருவோம். 2017இல் சூரிக் நகரின் ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தில் நிக்கோலாஸ் கோர்ஸும் அவருடைய குழுவினரும் மென்மையான சிலிக்கோன் இதயம் ஒன்றைச் செய்தார்கள். எடை 390 கிராம். வடிவத்தை அச்சிட்டு, அதிலிருந்து வார்த்து எடுத்தார்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் கைவிடாமல் காத்துவரும் மெழுகிழப்பு வார்ப்பின் முறையேதான் அது. அழுத்திய காற்றால் அந்த இதயம் மனித இதயத்தைப் போலவே அழகாகச் சுருங்கி விரிந்தது. ஏறக்குறைய 3,000 துடிப்பு, அதாவது அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம், தாக்குப்பிடித்தது. நம் இதயம் ஒரே நாளில் சுமார் 1,00,000 முறை துடிக்கிறது.

2019இல் இரண்டு செய்திகள். டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் டல் ட்வீர் குழு, நோயாளியின் கொழுப்புத் திசுவிலிருந்து எடுத்த உயிரணுக்களைக் குருத்தணுக்களாக்கி, அவற்றை இதய உயிரணுக்களாக மாற்றி, சுமார் 2 சென்டிமீட்டர் உயரமுள்ள இதய வடிவத்தை அச்சிட்டது. அணுக்கள் சுருங்கின. ஒன்றுசேர்ந்து ரத்தத்தைத் தள்ளும் ஆற்றல் அதற்கு இல்லை. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆடம் ஃபைன்பர்க் குழு வேறொரு சிக்கலை அவிழ்த்தது. உடலின் சொந்தக் கட்டுமானப் பொருளான கொலாஜன் நீர்போல இளகியது, அச்சிட்டால் நிற்காமல் வழிந்துவிடும். ஜெலட்டின் துகள்கள் நிறைந்த தொட்டிக்குள் அதை அச்சிட்டால் வடிவம் தாங்கி நிற்கிறது. பிறகு 37 டிகிரி வெப்பத்தில் ஜெலட்டின் உருகி ஓடிவிடுகிறது, கொலாஜன் மிஞ்சுகிறது. மனித இதய அணுக்களைச் சேர்த்து இப்படி அச்சிட்ட சிறிய கீழறை ஒருங்கிணைந்து சுருங்கியது. அறிவியலாக இது பெரிய சாதனை, ஐயமில்லை.

சாதனைக்கும் சிகிச்சைக்கும் இடையில் இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது. மனித இதயத்தில் இருநூறு முதல் முந்நூறு கோடித் தசையணுக்கள் உள்ளன. ஒரு நுண்ரத்தக் குழாயிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விலகியிருக்கும் அணு பட்டினியால் மடியும். எனவே அணுக்களை அடுக்கினால் மட்டும் போதாது, அவற்றுக்கு நடுவே எண்ணற்ற நுண்குழாய்களையும் அமைக்க வேண்டும். மின்தூண்டல் சரியான வரிசையில் பரவ வேண்டும். அத்தனையும் அமைந்த பிறகு ஆண்டுக்கணக்கில் ஓயாமல் உழைக்க வேண்டும். 2023இல் அமெரிக்க அரசின் ஓர் ஆய்வு முகமை, ஸ்டான்ஃபோர்டில் மார்க் ஸ்கைலர்-ஸ்காட் தலைமையிலான குழுவுக்கு 2 கோடியே 63 லட்சம் டாலர் ஒதுக்கியது. ஐந்தாண்டுக்குள் ஓர் இதயத்தை அச்சிட்டு உயிருள்ள பன்றிக்குப் பொருத்துவது அவர்கள் இலக்கு. இலக்கு பன்றி என்பதைக் கவனியுங்கள். இன்று மாற்று இதயத்துக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கும் ஒருவருக்கு நாம் சொல்லக்கூடிய நேர்மையான பதில், உறுப்பு தானத்தைப் பெருக்க வேண்டும் என்பதுதான்.

8. நமக்கு என்ன வேலை?

துடிக்காத இதயத்துக்கே திரும்பி வருகிறேன், ஏனென்றால் நாம் செய்யக்கூடியது அங்கேதான் இருக்கிறது. இதற்கு வேண்டிய சி.டி. கருவிகள் நம் மருத்துவக் கல்லூரிகளில் ஏற்கெனவே உள்ளன. அச்சுக் கருவிகள் பொறியியல் கல்லூரிகளில் இருக்கின்றன. படங்களைப் பிரிக்கும் மென்பொருளும் இலவசமாகவே கிடைக்கிறது. பிரேசில் அரசின் ஆய்வு மையம் ஒன்று, தன் நாட்டுப் பொது மருத்துவமனைகளுக்காக 2001 முதல் உருவாக்கிய இன்வெசாலியஸ் என்ற மென்பொருளை எவரும் பயன்படுத்தலாம். நம்மிடம் இல்லாதது, இதயத்தின் அமைப்பும் தெரிந்து கோடு போடவும் தெரிந்த ஆட்கள். அந்த வேலைக்கு ஒரு பதவியோ, அதற்கான நேரமோ நம் மருத்துவமனைகளில் பெரும்பாலும் ஒதுக்கப்படவில்லை. ஆகவே ஆர்வமுள்ள ஒரு மருத்துவர் இருக்கும்வரை நடக்கிறது, அவர் மாறிப்போனால் நின்றுவிடுகிறது.

செலவு பற்றிய கேள்வியையும் ஒதுக்க முடியாது. அமெரிக்காவில் 2019 ஜூலையில்தான் உடலுறுப்பு மாதிரிகளுக்கு மருத்துவக் கட்டணக் குறியீடு தந்தார்கள். அதுவும் சான்று திரட்டுவதற்கான தற்காலிகக் குறியீடாக. மாதிரியைப் பார்த்து அறுவைத் திட்டம் மாறுகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. திட்டம் மாறியதால் எத்தனை பேர் கூடுதலாகப் பிழைத்தார்கள், எத்தனை நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள் என்ற கேள்விகளுக்கு அதே அளவு வலுவான விடைகள் சேர வேண்டும். ஒரு மையத்துக்கு ஆண்டுக்கு ஒருசில நோயாளிகள் என்றால் அந்தச் சான்று சேர நெடுங்காலம் ஆகும். பிறவி இதயக் குறைக்கான அறுவைகள் அதிகம் நடக்கும் நம் நாட்டில் அது விரைவில் சேரும், நாம் ஒழுங்காக எழுதிவைத்தால்.

எனவே இங்குள்ள மாணவர்களுக்கு ஒரு வேலைத் திட்டம் சொல்லி முடிக்கிறேன். ஒரு மருத்துவக் கல்லூரியும் பக்கத்தில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியும் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். மருத்துவர்கள் கூடிப் பேசியும் கருத்து ஒன்றாத நோயாளிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மாதிரியைக் காட்டுவதற்கு முன் ஒவ்வொரு மருத்துவரின் முடிவையும் தனித்தனியே எழுதி வாங்குங்கள். காட்டிய பின் மறுபடி வாங்குங்கள். அறுவையில் உண்மையில் காணப்பட்டது என்ன என்பதையும், மாதிரி எங்கே பொய் சொன்னது என்பதையும் அதே தாளில் குறித்துவையுங்கள். முடிவு மாறாத நோயாளிகளை விட்டுவிடாதீர்கள், அவர்களும் கணக்கில் வர வேண்டும். இப்படி நூறு தாள்கள் சேர்ந்தால், இந்த மாதிரிக்குக் காப்பீட்டுத் திட்டத்தில் பணம் ஒதுக்கலாமா, யாருக்கு ஒதுக்கலாம் என்று அரசிடம் நாம் ஆதாரத்தோடு பேசலாம். வேண்டாம் என்று அந்தத் தாள்கள் சொன்னாலும் அதுவும் ஒரு நல்ல விடைதான். அந்தப் பணம் வேறொரு குழந்தையின் அறுவைக்குப் போகும்.